பழசு ஒண்ணும் வேணாம்

கம்ப்யூட்டர்க்காரர் ராஜேஷ் போய் வெகுநேரம் ஆகியும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க் வேலை செய்யும்போது வருகிற கரகரப்பு அது, யாரோ வாய் நிறைய ஊறவைக்காத அரிசியைப் போட்டு மெல்லுவது போல. ஆனால் அந்த டிஸ்க்கைத்தான் கழற்றியாகிவிட்டதே. அதற்குப் பதிலாக உள்ளே உட்கார்ந்திருப்பது, விலை மலிவென்றாலும், புத்தம்புதிய எஸ்எஸ்டி. அதற்குள் சுற்றுகிற சாமான் எதுவும் கிடையாது, மூச்சுக்கூட விடாது என்று சொல்லிவிட்டுத்தான் அவர் போனார்.

வெளியிலிருந்து வருகிறதோ என்று ஜெமிமா ஜன்னலைச் சாத்திப் பார்த்தாள். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் சாயங்காலத்திலும் குறையாமல் மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பம்பைச் சத்தமும் அரோகராவும் ஜெனரேட்டர் புகையும், சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளின் வாசனையும், மிதிபட்ட சாமந்தியின் புளித்த நாற்றமும் சாத்திய ஜன்னலைத் தாண்டி வீட்டுக்குள் வந்தன. அத்தனை இரைச்சலில் இவ்வளவு மெல்லிய சத்தம் காதில் விழவே கூடாது. விழுந்தது.

ஜெமிமா இந்த வீட்டுக்கு இரண்டாவதாக வந்தவள். முதலில் வந்தவள் அவளுடைய சொந்த அக்கா பெபி. சின்ன வயதிலிருந்தே அக்கா போட்டுக் கழித்த கவுன், அக்கா படித்து முடித்த புத்தகம் என்று மிச்சம்தான் ஜெமிமாவுக்கு. அக்கா நோயில் இறந்ததும், பிள்ளை அநாதையாகிவிடும் என்று பெரியவர்கள் கூடிப் பேசி, அக்காவின் கணவர் ஆல்பினையும் அவளுக்கே கட்டிவைத்தார்கள். தாலி கட்டியவரை இன்னமும் அவளுக்கு, அக்கா புருஷனைக் கூப்பிடுகிற மாதிரி, பாவா என்றுதான் கூப்பிட வருகிறது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்றுதான். படுக்கையில் கிடந்த நாட்களில் அக்கா தன் மகள் லோயிஸுக்காகக் கதைகள் சொல்லி அந்தக் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்திருந்தாள். ஆறு வயது லோயிஸ் தினமும் அதன் எதிரே உட்கார்ந்து கேட்பாள், கதை முடிந்ததும் ஸ்பீக்கருக்கு முத்தம் கொடுப்பாள். குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்தில் என்பார்கள். ஜெமிமா கொண்டாடாத கொண்டாட்டமா? ஊட்டினாள், குளிப்பாட்டினாள், காய்ச்சலில் விடிய விடிய மடியில் போட்டுக்கொண்டாள். ஆனாலும் அவள் சித்திதான். அம்மா என்ற சொல் அந்த டப்பாவுக்குத்தான்.

மிஷின் மெதுவாகப் போகிறது, எஸ்எஸ்டி போடலாம் என்று ஆல்பினிடம் சொன்னதே அவள்தான்.

"பழைய டிஸ்க்ல இருக்கறத அப்டியே இதுல ஏத்திடலாங்களாக்கா? இல்ல எல்லாம் புச்சா போட்டுடட்டுமா?" என்று காலையில் ராஜேஷ் கேட்டார்.

"புச்சாவே போட்டுடுங்க. பழசு ஒண்ணும் வேணாம்."

அவர் போனதும் பழைய டிஸ்க்கைக் கொல்லையில் வைத்துக் குழவிக்கல்லால் அடித்தாள். மூடி நசுங்கி, உள்ளேயிருந்த பளபளப்பான தட்டு வளையும்வரை அடித்து, குப்பை வண்டியில் போட்டாள். பிறகு அரக்கோணத்தில் வேலையிலிருந்த ஆல்பினுக்குப் போன் செய்தாள்.

"பழைய டிஸ்க்கு கெட்டுப்பூடுச்சாம் பாவா. எதுவும் எடுக்க முடியலயாம்."

"பெபி கொரலு அதுலதான இருந்துச்சு," என்றார் அவர். அந்த நேரத்திலும் ஜெமிமாவுக்கு இரக்கம் வரவில்லை, பொறாமைதான் வந்தது.

இப்போது அவள் கம்ப்யூட்டரை நிறுத்தினாள். கரகர. பிளக்கைப் பிடுங்கினாள். கரகர. ஃபிரிட்ஜில் காது வைத்தாள், சுவரில் வைத்தாள். எங்கே போனாலும் சத்தம் அதே தூரத்தில் இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இரண்டு காதுகளிலும் விரலை விட்டு அடைத்தாள்.

வெளி இரைச்சல் மொத்தமும் அடங்கியது. கரகரப்பு மட்டும் பலமாகக் கேட்டது.

தாடைக்குள். நெற்றிக்குப் பின்னால்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். கை தானாக மேல் அலமாரிக்கு ஏறி, மிளகாய் டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தது. உள்ளே கல்கண்டு, கட்டியாக இறுகிப் போயிருந்தது. அப்படி ஒரு டப்பா அங்கே இருப்பது ஜெமிமாவுக்குத் தெரியாது. ஆனால் அழும் லோயிஸுக்கு அதிலிருந்து எத்தனை முறை கொடுத்தோம் என்பது நினைவுக்கு வந்தது.

அடுத்து, வலி. அடிவயிற்றைப் பிளந்துகொண்டு வந்த ஒரு வலியின் நினைவு. டெட்டால் வாசனை. "பொம்பளப் புள்ளம்மா" என்று ஒரு நர்ஸின் குரல். ஜெமிமா பிள்ளை பெற்றதே இல்லை.

கரகர. கரகர.

அவளுக்குள் ஏதோ ஏறிக்கொண்டிருந்தது.

"சித்தி." லோயிஸ் வாசற்படியில் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "அம்மா அதுல வரவே இல்ல."

அம்மா இனிமேல் வரமாட்டா, நான் இருக்கேன் என்று சொல்ல ஜெமிமா வாயைத் திறந்தாள்.

சத்தம் நின்றது.

"லோயிஸு பாப்பா," என்றது வாய். "இன்னும் தூங்கலயா? அம்மா கத சொல்லட்டா?"

பெபியின் குரல். இடையில் மூச்சு வாங்கி இருமும் அந்த இருமலும்கூட, பதிந்து வைத்த கதையில் வருகிற அதே இடத்தில் வந்தது.

குழந்தை உற்றுப் பார்த்தாள். பிறகு ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா."

எத்தனை நாள் ஏங்கிய சொல். நான் சித்தி, லோயிஸ், ஓடு என்று ஜெமிமா கத்தினாள். உதடு அசையவில்லை. அவளுடைய கைகள் குழந்தையைத் தூக்கி, அக்கா தூக்குவது போலவே இடது தோளில் சாய்த்துக்கொண்டன. முதுகைத் தட்டின.

"சித்தி எங்கம்மா?" லோயிஸ் அரைத் தூக்கத்தில் கேட்டாள்.

வாய் சிரித்தது.

"அவ எங்கயும் போவல கண்ணு. இங்கதான் இருக்கா. நம்மளயே பாத்துகினு இருக்கா."