அப்பாவின் குரலுக்கு உரிமம் இல்லை

செமஸ்டர் முடிந்து அம்மா மறந்துவிட்டு வரும் நாளில் நான்தான் சமைப்பேன். அன்றைக்கு அவளுக்குத் தலை கனக்கும். கடுகு எந்த டப்பாவில் இருக்கிறது என்பதெல்லாம் நன்றாக நினைவிருக்கும். உரிமம் தீர்ந்த புத்தகங்கள் மட்டும் போயிருக்கும்.

அம்மா கடலியல் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கிறாள். அங்கே வேலை பார்ப்பவர்களுக்கும் படிப்பவர்களுக்கும் காதுக்குப் பின்னால் 'நினைவுமணி' பதிப்பார்கள். ஊரில் அதற்குப் பெயர் சிப்பு. அதன்பின் படித்ததும் கேட்டதும் அட்சரம் பிசகாமல் தலையில் தங்கிவிடும். தங்கினால் அது நகல். நகலுக்குப் பதிப்பகத்தின் உரிமம் வேண்டும். புதுப்பிக்காத புத்தகத்தை ஜெராக்ஸ் ரூமுக்குப் போய்த் தலையிலிருந்து எடுத்துவிட்டு வரவேண்டும். காகிதத்தில் நகல் எடுத்த காலத்துப் பெயர் அது. மிஷின் மாறியும் பெயர் மாறவில்லை.

இந்த முறை பல்கலைக்கழகம் அப்பாவின் புத்தகத்தைப் புதுப்பிக்கவில்லை.

கடல் ஏறி வற்றும் ஓதங்களைப் பற்றி அப்பா எழுதிய ஒரே புத்தகம். எழுதினார் என்பதே தப்பு, பேசினார். மீன் கழுவும்போதும் பைக் ஓட்டும்போதும் அம்மாவிடம் பேசினார், அவள் தட்டச்சு செய்தாள். ஒரு சண்டைக்குப் பிறகு சமாதானத்துக்குச் சொன்னதைக்கூட அவள் விடவில்லை. "வத்தம்னா தண்ணி போயிருச்சுன்னு அர்த்தமில்ல, ரெஜினா. திரும்பி வரத்தான் போகுது." தன் பெயரை மட்டும் நீக்கிவிட்டு மூன்றாம் அத்தியாயத்தில் சேர்த்தாள். போன ஆடிக்காற்றில் கடலுக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை.

நானும் அம்மாவுடன் போனேன். ஜெராக்ஸ் ரூம் இசக்கிமுத்து அண்ணன் திரையைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"மேடம், அந்தப் புஸ்தகம் உங்ககிட்ட சாரோட குரல்லதான் இருக்கு. எடுத்தா குரலும் போயிரும்."

"அது புஸ்தகம் இல்லண்ணே. அவுக எங்கிட்டப் பேசினது."

"எனக்குத் தெரியுது. மிஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"நான் மட்டும் வச்சுக்கிட்டா?"

"ஒருத்தர்ட்ட இருந்தாலும் யுனிவர்சிட்டியோட மொத்த உரிமத்தையும் நிறுத்திருவாங்க. பிள்ளைங்க பரீட்சை எழுத முடியாது. வேலைய விட்டாலும் எடுத்துட்டுத்தான் அனுப்புவாங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குச் சிப்பு கிடையாது. நான் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறேன்.

"ஜெனி, உனக்கு ஞாபகம் இருக்குல்லா?"

"எல்லாம் இருக்கும்மா."

"எடுத்தப்புறம் நீ சொல்லுவியா?"

"சொல்றேம்மா."

அதன்பிறகுதான் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரித்துக்கொண்டேகூட உட்கார்ந்தாள்.

அவள் கண் மூடியதும் இசக்கிமுத்து அண்ணன் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"நீ சொல்லக்கூடாதும்மா. அவங்க காதுல விழுந்தா மறுபடியும் நகல். சிப்பே காட்டிக் கொடுத்துரும். ரெண்டாந்தடவைன்னா வரிய மட்டும் எடுக்க மாட்டாங்க. பேசின ஆளு முகத்தையும் சேர்த்து எடுத்துருவாங்க."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்லாண்ணே?"

"சொன்னா உக்காந்திருப்பாங்களா?"

அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அன்று சாளைமீன் குழம்பு வைத்தேன். அம்மா சாப்பிடாமல் சுவரில் இருந்த அப்பாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நினைச்சா வாய் அசையுது ஜெனி. சத்தந்தான் வரல. சண்ட போட்டா என்னமோ சொல்லிச் சமாதானம் பண்ணுவாகளே, என்ன அது?"

அந்த வரி என் நாக்கு நுனியில், அப்பாவின் இழுப்போடு, அப்படியே நின்றது.

"மறந்துட்டேம்மா."

"எது?"

"எல்லாமே."

அம்மா கை கழுவினாள். ஈரக் கையோடு வந்து என் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"உனக்குத்தான் யாரும் எடுக்கலையேடி," என்றாள். "உங்கப்பாவ எப்படி மறந்த?"