பாசிக்கடியில் மாப்பிள்ளை

மல்லாந்து கிடந்த தவளையை ஹாலிதா விரல்நுனியால் புரட்டிவிட்டாள். அது மறுபடியும் மல்லாந்தது. கையுறையில் அதன் தோல், ஈர டிஷ்யூ மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

“ராக்கப்பண்ணே! மருந்துத் தண்ணி! யல்லா, சீக்கிரம்!”

ராக்கப்பன் கிண்ணத்தோடு ஓடிவந்தார். வைத்த கையோடு வாசலுக்குப் பின்வாங்கிவிட்டார். எப்போதும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, ‘பொண்ணு எப்படிம்மா இருக்கு?’ என்று நச்சரிக்கிற மனிதர். இன்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஷார்ஜா தொழிற்பேட்டையில், டயர் கிடங்குக்கும் கராஜுக்கும் நடுவே ஓர் அரபி ஆசை ஆசையாக நடத்திய தவளைப் பண்ணை அது. அந்தத் தவளைகள் பிறந்த மலையில் இப்போது ஓடைகள் ஊமை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை தோலில் படிந்து, தோலால் மூச்சுவிடுகிற அந்த உயிர்களின் இதயத்தையே நிறுத்தியிருந்தது. பூஞ்சை இங்கேயும் வந்தது. தொட்டிகள் வரிசையாகக் காலியாயின. கால்நடை டாக்டர் ஹாலிதாவிடம் மிஞ்சியது ஒரே ஜோடி. உலகத்திலும் அவ்வளவுதான். பொண்ணு, மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது பண்ணை வேலையாள் ராக்கப்பன்.

ஒன்று வாடினால் அடுத்ததை அந்த நிமிடமே பிரித்து மருந்தில் விட வேண்டும். அதை அவரிடம் சொல்லிவிட்டுத்தான், டைபாய்டில் கிடந்த மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். தினமும் போன் செய்தாள். ‘ரெண்டும் நல்லா இருக்கும்மா’ என்றே பதில் வந்தது. இன்று மதியம் டூட்டிக்குத் திரும்பினால், பொண்ணு இந்தக் கோலத்தில்.

டொக்.

வெளியே மணற்புயல் பட்டப்பகலைத் துருவின் நிறமாக்கி ஜன்னலில் அப்பியிருக்க, ஏசியின் உறுமலுக்கும் தகரக் கூரையில் மணல் உரசும் ஓசைக்கும் இடையிலே, கூழாங்கல்லைக் கூழாங்கல்லால் தட்டுவது போல அந்தச் சத்தம் தொட்டியின் பாசிக்கடியிலிருந்து வந்தது.

டொக்.

ஹாலிதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “கேட்டீங்களாண்ணே? நோய் பிடிச்சது இப்படிக் கூப்பிடாது. அவன் நல்லா இருக்கான்!”

“கேக்குதும்மா.” ராக்கப்பன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“பொண்டாட்டி சாகக் கெடக்கா, ஒளிஞ்சிக்கிட்டுப் பாட்டு! உங்க மாப்பிள்ளைக்கு வெக்கமே இல்லை.”

அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

மாப்பிள்ளையையும் பிடித்து மருந்தில் விட வேண்டும். இடது உள்ளங்கையில் பொண்ணை ஏந்தியபடி தொட்டியின் மூடியை விலக்கினாள். குளிர்ந்த பாசியின் வாசனை வர வேண்டும். வரவில்லை. வெயிலில் வெந்த மணலின் வாசனை வந்தது. புயல் ஏதாவது இடுக்கு வழியாக உள்ளே வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

டொக். டொக்.

உள்ளங்கையில் ஏதோ அசைந்தது.

பொண்ணு புரண்டாள். தானாக. தோல் உரிந்த விரல்களை ஒவ்வொன்றாக ஊன்றினாள். தவழ்ந்தாள். கண்ணாடி விளிம்பில் ஏறினாள்.

“யா அல்லாஹ்... போறா பாருங்க! அவன் கூப்பிட, எந்திரிச்சுப் போறா!” அழுகையும் சிரிப்புமாக ஹாலிதா கையை நீட்டிக்கொண்டே நின்றாள். தடுக்கவில்லை. பாசி மெல்ல விலகியது. பொண்ணு உள்ளே போனாள். பாசி மூடிக்கொண்டது.

“டாக்டரம்மா.” ராக்கப்பன் வாசற்படியைத் தாண்டவில்லை. “ஊர்ல பெத்தவங்களே செத்தாலும், லேபர் கேம்ப்ல ஆளுக்கு டூட்டி முடிஞ்சு நாலு வாய் சாப்புடற வரைக்கும் நாங்க சொல்ல மாட்டோம். அந்தப் பழக்கம்மா. நீங்க புள்ளைய மடியில வச்சுக்கிட்டுக் கெடந்தீங்க. எப்படிச் சொல்றது?”

“எதை?”

டொக். டொக். டொக்.

“பொண்ணு அப்ப நல்லாத்தான் இருந்துச்சு. ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்...”

“அண்ணே. எதைச் சொல்லலை?”

அவர் தலைத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். விரலிடுக்கில் சொற்கள் வந்தன.

“மாப்பிள்ளை போன வாரமே செத்துருச்சும்மா. கராஜுக்குப் பின்னால, மணல்ல, என் கையாலதான் புதைச்சேன்.”

போன வாரம். அன்றே பிரித்திருந்தால் பொண்ணு பிழைத்திருப்பாள்.

ஹாலிதா தொட்டியைப் பார்த்தாள்.

பாசிக்கடியில் சத்தம் நின்றிருந்தது.