நாலாயிரம் பறவைகளும் ஒரு ஹேர் டிரையரும்

டக்... டக்... டக்.

கணினிப் பெட்டிக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"உள்ளே யாரோ கதவைத் தட்டுற மாதிரி இருக்கும்மா," என்றாள் பத்து வயது லமீஸ்.

"ஹார்ட் டிஸ்க் போகப் போகுதுடி. என் பறவை எல்லாம் அதுக்குள்ளதானே இருக்கு!"

அவர்கள் ஊரான மீனா துறைமுகத்துக்கு எதிரே உள்ள தீவுகளில் வந்திறங்கும் பறவைகளை அம்மா ஆறு வருடமாகப் படம் எடுத்து வந்தார். நாலாயிரம் படங்கள். வேறு எங்கும் பிரதி இல்லை. திங்கட்கிழமை அவை புத்தகமாக அச்சுக்குப் போக வேண்டும்.

அம்மாவின் தம்பி ஃபாதி மாமா புது டிஸ்க்கோடு வந்தார். "இந்தத் தெருவுல என்னை விட்டா இதுக்கு ஆளே கிடையாது," என்று சட்டைக் கையை மடித்துவிட்டார். பழையதையும் புதியதையும் இணைத்தார். திரையில் எண்கள் ஏறத் தொடங்கின.

"எல்லாம் மாற மூணு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் ஒரு காபி குடிக்கலாம்." மாமா மின்கெட்டிலைப் போட்டார்.

டப்! வீடு முழுக்கக் கரண்ட் போனது.

"டேய் ஃபாதி! ஓடுறது தெரு ஜெனரேட்டர் கரண்ட். நமக்கு மொத்தமே அஞ்சு ஆம்பியர், அதுக்கு மேல இழுத்தா சுவிட்ச் விழுந்துடும். கெட்டிலைப் போடுவாங்களா?" என்று கத்தினார் அம்மா.

மாமா படிக்கட்டுக்கு ஓடிப்போய், விழுந்த சுவிட்சைத் தூக்கிவிட்டு வந்தார். கணினி மறுபடி எழுந்தது. டக் டக் சத்தம் இப்போது இன்னும் பலமாகக் கேட்டது. மாமாவின் சிரிப்பு காணாமல் போனது.

"அக்கா, இன்னொரு தடவை நின்னா இது எழுந்திருக்காது."

லமீஸ் சமையலறைக்கு ஓடினாள். ஃபிரிட்ஜ் ஒயரைப் பிடுங்கினாள். வாட்டர் ஹீட்டர் ஒயரையும் பிடுங்கினாள். கெட்டிலைத் தன் பள்ளிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அவ்வளவு நம்பிக்கையா என் மேல?" என்றார் மாமா.

"ஆமா மாமா. நிச்சயம் மறுபடி போடுவீங்க."

மாமா முதலிலிருந்து ஆரம்பித்தார். பன்னிரண்டு சதவீதம். திடீரென்று லமீஸ் துள்ளி எழுந்தாள்.

"மேல் வீடும் நம்ம லைன்தானே!"

இரண்டு வீடும் ஒரே இணைப்பைப் பங்கு போட்டிருந்தன. மேல் வீட்டு ஜுமானா அக்காவுக்கு இன்று நிச்சயதார்த்தம்! லமீஸ் படிகளில் தாவி ஏறினாள். அக்கா ஈரத் தலையோடு நின்றிருந்தாள். கையில் ஹேர் டிரையர்.

"போட்டுடாதீங்க அக்கா!"

லமீஸ் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். ஜுமானாவின் அம்மா உம்மு வசீம் தவித்துப் போனார்.

"உங்கம்மா பாவம்தான் கண்ணு. ஆனா அஞ்சு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்களே. ஈரத் தலையோடயா இவ மோதிரம் போட்டுக்குவா?"

அதுவும் நியாயம்தான். லமீஸ் பால்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். ஜிர்ஜிஸின் முடிவெட்டும் கடை. அதற்குத் தனி லைன், பத்து ஆம்பியர். கடையில் ஆளே இல்லை.

பால்கனிக் கம்பியில், கீழே கடையிலிருந்து ரொட்டி வாங்கக் கயிற்றில் இறக்கும் கூடை தொங்கிக்கொண்டிருந்தது. லமீஸ் இரண்டு நீட்டிப்பு ஒயர்களை ஒன்றாகச் சேர்த்தாள். ஒரு முனையைக் கூடைக்குள் வைத்துக் கயிற்றை மெல்ல விட்டாள்.

"ஜிர்ஜிஸ் மாமா! இதைக் கொஞ்சம் சொருகுங்களேன்!"

"எதுக்கு? மேல யாருக்காவது முடி வெட்டணுமா?"

"ஜுமானா அக்கா தலை காயணும்!"

"எனக்கு என்ன கிடைக்கும்?"

"ஒரு தட்டு நிறைய இனிப்பு வரும், சொருகுய்யா!" என்று கத்தினார் உம்மு வசீம்.

மேலே டிரையர் உறுமியது. கீழே எண்கள் ஏறின. ஐம்பது... எண்பது... மாமா விளக்கு சுவிட்சுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

நூறு!

மாமா பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினார். கணினி சத்தமே இல்லாமல் விழித்தது. அம்மா ஒவ்வொரு வருடமாகத் திறந்து பார்த்தார். நாரை, கடற்காகம், ஆலா... ஒன்றும் குறையவில்லை. லமீஸை இழுத்து இறுக அணைத்துக்கொண்டார்.

நிச்சயதார்த்தத்தில் ஜுமானாவின் கூந்தல் அலை அலையாக மின்னியது. மாப்பிள்ளையின் சித்தப்பா காபிக் கோப்பையோடு வந்தார். "என் கடைக் கம்ப்யூட்டரும் டக் டக்குங்குது. இங்கே அந்த வேலை தெரிஞ்சவங்க யாரு?"

எல்லாரும் ஃபாதி மாமாவைப் பார்த்தார்கள். மாமா லமீஸின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"இவங்ககிட்ட கேளுங்க. நான் இவங்க அசிஸ்டென்ட்."

லமீஸ் நிமிர்ந்து நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"முதல்ல சொல்லுங்க, உங்க லைன் எத்தனை ஆம்பியர்? அதுல வேற யார் யார் இருக்காங்க?"