பக்கவிளைவு: இல்லை

மதியம் இரண்டு மணிக்கு நர்ஸ் ஆராய்ச்சி வார்டுக்குள் நுழைந்தபோது, டெட்டால் நெடியோடு ஈரமண் வாசனையும் அடித்தது. மூன்றாம் மாடி, ஜன்னலெல்லாம் சாத்தியே கிடக்கிற அறை. இங்கே ஈரமண் எங்கிருந்து வரும்? யாராவது தரையைத் துடைத்திருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

சொந்தக்காரர்களைக் கவனிக்கக் கூடாது என்பது விதி. கெஞ்சிக் கூத்தாடித்தான் இந்த ஷிப்டை வாங்கியிருந்தாள். கட்டிலில் கிடந்தது கூடப்பிறந்த தம்பி. மனச்சோர்வில் எட்டு மாதமாக வாயே திறக்காதவன்; இரண்டு தடவை சாகப் போய்ப் பிழைத்தவன். பழைய மாத்திரைகள் வேலை செய்ய வாரக்கணக்காகும், அதற்குள் கைகால் நடுக்கம், வாந்தி, தூக்கமின்மை. இந்தப் புது ஸ்ப்ரே மருந்தை மூக்கில் அடித்தால் ஒரே மணி நேரத்தில் குணம் தெரியும் என்றார் டாக்டர். இதுவும் பலிக்காவிட்டால் அவனுக்கு வேறு கதியில்லை.

மருந்தை அவன் மூக்கில் அடித்தாள். பக்கத்திலேயே காத்திருந்தாள்.

ஐம்பதாவது நிமிஷம், "அக்கா, பசிக்குது" என்றான்.

அடேயப்பா, அந்தக் குரலுக்கு எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! "இப்பதான் உனக்கு வயிறுன்னு ஒண்ணு இருக்கறதே ஞாபகம் வந்துச்சாடா?" என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே சுவரோரமாக நகர்ந்து படுத்தான்.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

முன்பு இந்த வார்டில் இதே மருந்தை எடுத்துக்கொண்ட ஐந்து பேரும் இப்படித்தான் நகர்ந்தார்கள். தற்செயல் என்று டாக்டர் ஒதுக்கிவிட்டார்.

"எதுக்குடா தள்ளிப் படுக்கறே?"

"அவங்க உக்காரணும்ல."

மெத்தையில் அவன் விட்ட ஓரம் மெல்ல அமுங்கியது.

"யாருடா?"

"தெரியலக்கா. என் பாரத்தையெல்லாம் வாங்கி மடியில வச்சிருக்காங்க."

அவள் நிரப்ப வேண்டிய ஆய்வுப் படிவத்தில் கடைசிக் கேள்வி: பக்கவிளைவு ஏதேனும் உண்டா? உள்ளதை எழுதினால் நாளைக்கே மருந்தை நிறுத்திவிடுவார்கள். தம்பி மறுபடி அதே இருட்டுக்குள் போய்விடுவான். மூன்றாம் தடவை அவன் பிழைப்பான் என்று யார் சொல்ல முடியும்? அறைக்கோடிக்குப் போய், அவனுக்கு முதுகைக் காட்டி நின்று, 'இல்லை' என்று எழுதினாள். தாளை மடித்துப் பைக்குள் திணித்தாள்.

"அக்கா." கிசுகிசுப்பாக.

"என்னடா?"

"இல்லைன்னு எழுதிட்டியாமே. அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம்."

பையைத் தொட்டுப் பார்த்தாள். தாள் மடித்தபடியே உள்ளே இருந்தது.

"இனிமே நம்ம வீட்டுலயே இருந்துக்கறாங்களாம்."