இளைத்துக்கொண்டே போனவள்

மனைவி கட்டிலின் விளிம்பில் வந்து உட்கார்ந்தபோது மெத்தை அமுங்கவில்லை.

அவன் பேருந்து ஓட்டுநர். விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய்விடுகிறவன், மதியம் வீடு திரும்பிச் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் கண்ணயர்வான். பன்னிரண்டு வருடமாக, அவள் பக்கத்தில் வந்து படுக்கும்போது மெத்தை சரியும், அவன் அவள் பக்கம் உருளுவான். அப்புறம்தான் தூக்கம் வரும். இன்றைக்கும் திரைச்சீலை வழியே மஞ்சள் வெயில் வடிந்தது, அடுத்த வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் உறுமியது, வியர்வையும் மருந்தும் கலந்த அவளது வாடை மூக்கில் ஏறியது. அவள் படுத்துத்தான் இருந்தாள். மெத்தைக்கு மட்டும் அது தெரியவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன் பணிமனை நண்பர்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, அப்போது பருமனாக இருந்த அவளிடம் அவன் சொன்னான்: "பார்த்து உட்காரு, அந்த நாற்காலிக்கும் பிள்ளைகுட்டி இருக்கு." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாளே தெருமுனை உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்துவிட்டாள். பயிற்சியாளன் ஒரு டப்பா கொடுத்தான். கொழுப்பைக் கரைக்கிற மாத்திரையாம். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. விழுங்கிய கையோடு ஒரு மணி நேரம், நின்ற இடத்திலேயேயாவது ஓட வேண்டும்.

ஆளே மாறிப்போனாள். பார்த்தவர்கள் எல்லாம் கண் வைத்தார்கள். அவனும் பெருமையாக அவளைக் கூட்டிக்கொண்டு திரிந்தான். இப்போது நினைத்தால் அதுதான் நெஞ்சை அறுத்தது.

"மாத்திரையை நிறுத்திடும்மா."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "நிறுத்தி மூணு வாரம் ஆச்சுங்க. இன்னும் இறங்கிக்கிட்டேதான் இருக்கு."

போர்வைக்குள் அவளுடைய கால்கள் ஓடிக்கொண்டிருந்தன.

மருத்துவரிடம் கூட்டிப்போனான். எடை பார்க்கிற இயந்திரத்தில் ஏறி நின்றாள், முள் அசையவில்லை. மருத்துவர் அதைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "கெட்டுப்போச்சு போல" என்றார். ரத்தத்தில் ஒரு குறையும் இல்லையாம். கேட்கப் போனால், பயிற்சியாளனோ அவளை ஏற இறங்கப் பார்த்து, "பலன் தெரியுதில்ல சார்?" என்றான். இவன் கையை ஓங்கிவிட்டான். வேண்டாம் என்று அவள் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் இழுத்ததே அவனுக்கு உறைக்கவில்லை.

விடுப்புப் போட்டு வீட்டில் உட்கார்ந்தான். சோறும் முட்டையும் பாலும், குழந்தைக்கு ஊட்டுவதுபோல ஊட்டினான். மறுக்காமல் எல்லாவற்றையும் விழுங்கினாள். ஓட்டைப் பானையில் ஊற்றிய கதையாகத்தான் இருந்தது. முதலில் அவள் நடக்கும் சத்தம் போனது. பிறகு, குளித்துவிட்டு வந்தால் தரையில் ஈரப் பாதம் பதியவில்லை. ஒரு நாள் மின்விசிறியைப் போட்டதும் சமையலறை வாசலிலிருந்து அவள் தள்ளாடிக் கூடத்துச் சுவரில் போய் மோதினாள். அதன்பின் மின்விசிறி ஓடவில்லை. சன்னல்களும் திறக்கவில்லை. புழுங்கிய வீட்டில் அந்த மருந்து வாடை மட்டும் நாளுக்கு நாள் கனத்தது.

"அன்னைக்கு நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன்."

"தெரியுங்க."

"நீ எப்படி இருந்தாலும் எனக்குப் பிடிக்கும்மா."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். குரலில் கோபமே இல்லை.

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாளாம். பிறகு அவளே சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது.

அன்று மதியம் ஒரு துண்டால் தன் மணிக்கட்டையும் அவள் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டினான்.

"இறுக்கமா இருக்கா?"

"இன்னும் இறுக்குங்க. பயமா இருக்கு."

தூங்கக் கூடாது என்றுதான் படுத்தான். நான்கு நாளாகத் தூங்காத அசதி அவனை அமுக்கியது.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எங்கோ சத்தம். தப். தப். தப். மாடியில் யாரோ ஓடுகிறார்கள்.

அந்த வீட்டுக்கு மாடி இல்லை.

பக்கத்தில் தடவினான். யாரும் இல்லை. கட்டிய கை தலைக்கு மேல் தூக்கியிருந்தது. துண்டு செங்குத்தாக விறைத்து நின்றது. நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. வெதுவெதுப்பாக. இன்னொன்று.

மேலே பார்த்தான்.

உட்கூரையில் பாதம் வைத்து, தலைகீழாக, அவள் ஓடிக்கொண்டிருந்தாள். நின்ற இடத்திலேயே. ஒவ்வொரு எட்டுக்கும் இன்னும் கொஞ்சம் மெலிந்தாள். அவள் வயிற்றின் வழியே சுண்ணாம்பு விரிசல் தெரிந்தது. கண்கள் மட்டும் அவனையே பார்த்தன.

"என்னங்க... நிறுத்த முடியலைங்க."

இழுத்தான். இரண்டு கையாலும் இழுத்தான். மணிக்கட்டு விரலளவானது. குச்சியானது. நூலானது.

துண்டு அவன் மார்பில் வந்து விழுந்தது. முடிச்சு அவிழவே இல்லை.

மேலே ஓட்டம் நிற்கவில்லை.