அரண்மனை ஓவியரின் மாறுகண் அழகி

ஒரே நேரத்தில் இரண்டு கைகள் அதைத் தொட்டன.

ஒன்று தூவாவின் கை. இன்னொன்று... நிமிர்ந்து பார்த்தாள். உயரமாக ஒருவன். மூக்குக்கண்ணாடி முழுக்க மழைத்துளி. ஸ்டாக்ஹோமின் ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தையில் கடைக்காரர்கள் அவசர அவசரமாகத் தார்ப்பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் மட்டும் கட்டைவிரல் அளவு ஓவியம் ஒன்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றார்கள்.

"நான்தாங்க முதல்ல எடுத்தேன்" என்றான்.

"நீங்க தொட்டீங்க. எடுத்தது நான்."

"இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரிஞ்சாதான் வாங்கணுமா? முட்டைக்கோஸ் வாங்கும்போது அதோட பூர்வீகம் கேட்டா வாங்குறீங்க?"

அவன் சிரித்துவிட்டான். ஆனால் கையை எடுக்கவில்லை.

தந்தத் தகட்டில் தீட்டிய ஒரு பெண்முகம். நீல நாடா கட்டிய வெள்ளைத் தொப்பி. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் உதடு. இடது கண் நேராகப் பார்த்தது. வலது கண் மட்டும் மூக்குப் பக்கமாகச் சற்றே ஒதுங்கி... மாறுகண்!

தூவாவுக்கும் அதே கண்தான். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே 'ஒன்றரைக்கண்ணி'. முப்பது வயதாகியும் யாராவது போட்டோ எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்படி ஒரு கண்ணை ஒருவன் உட்கார்ந்து, ஆசை ஆசையாக வரைந்திருக்கிறானே... இதை யாருக்கும் விடமாட்டாள்.

அந்த ஆவேசத்தில்தான் அது வாயில் வந்தது.

"இவங்க எங்க கொள்ளுப்பாட்டிக்கும் பாட்டி! எங்க வீட்டிலேர்ந்து காணாமப் போன படம் இது. இவங்க கண்ணைப் பாருங்க... என் கண்ணைப் பாருங்க!"

அவன் பார்த்தான். படத்தை ஒருமுறை, அவளை ஒருமுறை. இவ்வளவு நிதானமாக அந்தக் கண்ணை யாரும் பார்த்ததில்லை. கன்னம் சுட்டது. வெட்கமா, சொன்ன பொய்யா... தெரியவில்லை.

அவன் கையை எடுத்துவிட்டான்.

"மன்னிச்சுக்கங்க. உங்க வீட்டுப் பொருள். என் பேரு எஸ்கில், மியூசியத்துல சிற்றோவியங்களைப் பார்த்துக்கறேன். ஒரு காபி வாங்கித் தர்றேன்... அதுவரைக்கும் இதைப் பார்த்துக்கட்டுமா?"

காபிக்கடையில் ஏலக்காய் பன் ஆறிப்போனது. அவன் தொடவே இல்லை. படத்தைக் கைக்குட்டையில் ஏந்திக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தான்.

"எலியாஸ் வெர்மெலின். அந்தக் காலத்து அரண்மனை ஓவியர். அவர் கைவண்ணம் எனக்கு நல்லாத் தெரியும். அம்மைத் தழும்பை அழிச்சுடுவாரு, ரெட்டைத் தாடையைக் கரைச்சுடுவாரு. அவர் வரைஞ்ச சீமாட்டிங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி பெரிய கண்ணு. அசடு வழியும்."

"இந்தம்மாவுக்கு மட்டும் ஏன் அப்படியே விட்டாரு?"

"அதானே..." அவன் குரல் இறங்கியது. "அவர் தன்னையே வரைஞ்ச படம் ஒண்ணு எங்ககிட்ட இருக்கு. இதே அளவு, இதே தங்கச் சட்டம். பக்கத்துல யாரையோ பார்த்துச் சிரிக்கிறாரு. யாரைன்னு வருஷக்கணக்காத் தேடிட்டிருக்கேன். உங்க பாட்டி பேரு என்னங்க?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் ஏங்கிக்கொண்டிருந்த கண்களைப் பார்த்ததும், "உல்ரிகா" என்றாள்.

அவளுக்கு டிராம் ஓட்டும் வேலை. மறுவாரத்திலிருந்து அவள் வண்டியில் எஸ்கில் ஏற ஆரம்பித்தான். எங்கும் போக வேண்டியதில்லை அவனுக்கு, சும்மா ஏறுவான். வேலை முடிந்ததும் இருவரும் துறைமுகக் கரையில் நடப்பார்கள். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்குமே நினைவில்லை.

ஆனால் உல்ரிகா கூடவே நடந்தாள்.

"உல்ரிகா எந்த ஊருன்னு சொன்னே?"

"ஊப்சாலா."

அடுத்த வாரம் அவனே மறுபடி கேட்டான். "கால்மார்" என்றாள். அவன் தலையாட்டிக்கொண்டான்.

எத்தனை முறை வாயைத் திறந்தாள்! "எஸ்கில், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பிப்பாள். அவன் திரும்பி அந்த வலது கண்ணைத்தான் பார்ப்பான், ஏதோ அது மட்டும் தனியாகப் பேசுவதுபோல. உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். ச்சீ... இவன் பார்ப்பது என்னையா, இல்லாத அந்தப் பாட்டியையா? உண்மை தெரிந்தால் இந்தப் பார்வை மிஞ்சுமா?

ஒருநாள் அவனே ஓடிவந்தான். "தூவா! ரெண்டு படத்தையும் ஒண்ணாச் சேர்த்து வைக்கப்போறோம். கண்காட்சி! உன் படத்தைக் கொஞ்ச நாளைக்குத் தர்றியா?"

கொடுத்தாள். வேறென்ன செய்வாள்?

திறப்பு விழாவுக்கு நல்ல கூட்டம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஓவியர் சிரித்தார். யாரைப் பார்த்து என்பது இப்போது குழந்தைக்கும் தெரியும். பக்கத்தில் அவள். அவர் பார்வை சரியாக அந்த மாறுகண்ணில் போய் விழுந்தது. அதற்குக் கீழே பொன்னெழுத்தில் ஒரு பலகை: 'உல்ரிகா. லுண்ட்கிரேன் குடும்பத்தின் மூதாதை.'

லுண்ட்கிரேன்! மத்தி மீனை டப்பாவில் அடைத்தே ஆயுளைக் கழித்த அப்பாவின் பெயர்... அரண்மனைத் தங்கத்துக்குக் கீழே. தூவா எஸ்கிலைக் கோட்டு மாட்டும் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

அவன் முகம் வெளுத்தது.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"பயமா இருந்துச்சு."

"என்ன பயம்?"

"சொன்னா... நீ வரமாட்டேன்னு."

அவன் திரும்பி நடந்தான். கூட்டத்தின் முன்னால் நின்று, "இந்தப் பலகை தப்பு" என்றான். "நான் சரியா விசாரிக்காம எழுதிட்டேன். இந்தம்மா பேரு நமக்குத் தெரியாது. பிழை என்னோடது."

சலசலப்பு. யாரோ 'க்ளுக்'கென்று சிரித்தார்கள். மியூசியத் தலைவி கையிலிருந்த கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

கடைசி வரிசையில் நின்ற தூவாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. அப்படியே நழுவி வெளியேறியிருக்கலாம். கதவு பக்கத்தில்தான் இருந்தது.

"இல்லைங்க!" அது தன் குரல்தானா? "அவர் பிழை இல்ல. நான் பொய் சொன்னேன். சந்தையில கிடைச்ச படம் அது. எனக்கு உறவும் இல்ல, ஒண்ணும் இல்ல. கண்ணு ஒரே மாதிரி இருந்துச்சு... அவ்வளவுதான். படத்தை நீங்களே வெச்சுக்கங்க."

அத்தனை பேரும் அவள் கண்ணையே பார்த்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட முடியாமல் நின்றாள். பிறகு ஓடினாள்.

அவன் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. எந்த முகத்தோடு செய்வாள்? மியூசியம் பக்கமே போகாத தடத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உயரமாக யாராவது நின்றால் உற்றுப் பார்த்தாள். இல்லை... இல்லை... அவன் இல்லை.

இலைகள் உதிர்ந்து முடிந்த ஒரு மத்தியானம். நொக்கெபி, கடைசி நிறுத்தம். எல்லாரும் இறங்கினார்கள். கண்ணாடியில் பார்த்தால், பின் இருக்கையில் ஒருவன் மட்டும்.

"கடைசி ஸ்டாப். இறங்கணும்" என்றாள் மைக்கில்.

அவன் அசையவில்லை. தூவா எழுந்து போனாள். எஸ்கில்.

"திட்டணும்னா திட்டிட்டு இறங்கு."

"திட்ட வரல தூவா. நானும்தான் பொய் சொன்னேன்."

"நீயா?"

"ஊப்சாலான்னே, கால்மார்னே. அப்பவே தெரியும் எனக்கு. இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாப் போதும். கேக்கறதுதான் என் வேலையே... கேக்கல. கேட்டா நீ என்கூட நடக்கறதை நிறுத்திடுவே. பழியை நான் ஏத்துக்கிட்டது பெருந்தன்மை இல்ல. நிஜமாவே பிழை என்னோடது. நீ வந்து மொத்தத்தையும் உன் தலையில போட்டுக்கிட்டே... நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன். அதான் போன் பண்ண மூஞ்சி இல்ல. நேத்துதான் தலைவிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"கண்காட்சிப் பொறுப்பு போச்சு. இனிமே கிடங்குல தூசி தட்டணும்."

தூவாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். "தெரிஞ்சுக்கிட்டேவா? நான் தினம் தினம் செத்துட்டிருந்தேன். நீ பக்கத்துல பன்னு தின்னுட்டு வேடிக்கை பார்த்தியா?"

"ஆமா."

"வெக்கமா இல்ல?"

"இருக்கு. ரொம்ப இருக்கு." அவன் தலை நிமிரவில்லை. "பாட்டியும் வேண்டாம், ஓவியரும் வேண்டாம். எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு தூவா. இதைச் சொல்லத்தான் மூணு தடத்துல ஏறி இறங்கி உன்னைத் தேடினேன்."

கோபம் இருந்த இடத்தில் என்னவோ உடைந்து கண்ணில் வழிந்தது. அழுகிறாளா, சிரிக்கிறாளா... அவளுக்கே தெரியவில்லை.

வெளியே நாயோடு நின்ற ஒரு கிழவர் கதவைத் தட்டினார். "ஏம்மா, வண்டி கிளம்புமா கிளம்பாதா?"

"கிளம்பும் ஐயா! ஒரு நிமிஷம்!" என்று கத்தினாள். பிறகு மிக மெதுவாக... "எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு, எஸ்கில். இதுக்கு ஆதாரம் எல்லாம் கேக்காதே."

"கேப்பேன். இனிமே எல்லாத்துக்கும் கேப்பேன். உனக்கு வேலை எப்ப முடியும்?"

"ஆறு மணிக்கு."

"அதுவரைக்கும் இறங்க மாட்டேன்."

கதவுகள் திறந்தன. கிழவர் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். தூவா ஓடிப்போய் தன் இருக்கையில் உட்கார்ந்து மைக்கைத் திறந்தாள். அடுத்த நிறுத்தத்தின் பெயர் பாதியிலேயே தழுதழுத்து நின்றது.

"என்ன ஸ்டாப்புன்னு சொன்னா அந்தப் பொண்ணு?" என்று கிழவர் பின்னிருக்கைக்காரனைக் கேட்டார்.

"எனக்கும் சரியாக் கேக்கலைங்க" என்றான் எஸ்கில், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே.