கருப்புத் தாள் ஒட்டிய ஜன்னல்

சிக்னல்காரர் தன் வீட்டைச் செருப்பு டப்பாவுக்குள் வைத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

"புதுச் செருப்பா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்டார்.

"இல்லீங்க, வீடு. மாடி வீடு."

பக்கத்து ஆள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டார். அந்த இரண்டு நாளில் மகளைத் தவிர சிக்னல்காரரிடம் வாய் திறந்து பேசிய ஒரே ஆள் அவர்தான்.

அவர் தேடிப் போனது குடைக்காரரை. ரயில் நிலையத்தில் தொலைந்த சாமான் அறையை முப்பது வருஷம் கட்டி மேய்த்தவர் குடைக்காரர். ஒரு குடையின் கைப்பிடியை முகர்ந்து பார்த்தே, அதன் சொந்தக்காரர் இரண்டாம் கல்யாணத்துக்குத் தயாராகிறார் என்று சொன்னவர். இதை நம்பாதவர்கள் அந்தக் கல்யாணத்துக்கு வராதவர்கள். கூடவே அவருடைய மனைவியின் தம்பி இருந்தார். பல்செட்டு செய்வது அவர் தொழில். துப்பறிவது அவர் ஆசை.

சிக்னல்காரர் டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒரு சாண் உயரத்தில் மாடி வீடு.

"மேல் ரூம் பூரா பொம்மை ரயில் ஓடுதுங்க. சுத்தி எங்க தெருவையே கட்டியிருக்கேன். இருநூத்திப் பன்னெண்டு ஜன்னல். ஒவ்வொண்ணுக்கும் மெல்லிசு காகிதத்துல திரை, கோடு போட்ட தாள்ல பட்டைத் திரை. திரை இல்லேன்னா வீடு பொந்து மாதிரி தெரியும். நான் கண்ணால பார்த்ததைத்தான் கட்டுவேன். திரை போட்டிருந்தாலும், உள்ளே எட்டிக்கூடப் பார்க்காத வீட்டுக்குக் கருப்புத் தாள்."

"இப்ப என்ன காணாமப் போச்சு?"

"கருப்புத் தாள்தான். இது என் வீடு. கீழ் ஜன்னல்ல கருப்புத் தாள் ஒட்டியிருந்தேன். வியாழக்கிழமை கண் டாக்டர்கிட்ட போய்ட்டு வந்து பார்த்தா, அங்க வெள்ளைத் திரை தொங்குது. பூட்டின கதவு பூட்டினபடியே இருக்கு. மகள் சொல்றா, 'நீங்களே மாத்திட்டு மறந்துட்டீங்கப்பா'ன்னு. ஞாயித்துக்கிழமை அட்டைப்பெட்டியோட வர்றா. ரயிலைப் பிரிச்சு மூட்டை கட்டிட்டு, என்னையும் கூட்டிட்டுப் போயிடுவா." அவர் குரல் இறங்கியது. "நிஜமா நானே மறந்திருந்தா என்னங்க பண்றது?"

"உள்ளே பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"விபத்து நடந்த இடத்துல கை வைக்கக் கூடாதுங்க. ரயில்வேயில நாற்பது வருஷப் பழக்கம்."

பல்செட்டுக்காரர் காத்திருந்ததே இதற்குத்தான். கடைவாய்ப் பல்லைப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்து, வீட்டின் வாசல் வழியாக உள்ளே விட்டார். "அத்தான்! வெளியே வெள்ளை, உள்ளே சிவப்புப் பூ! துணி!"

சிக்னல்காரர் எட்டிப் பார்த்துப் பதறினார். "இவ்வளவு பெரிய பூவா? நம்ம அளவுக்குப் பார்த்தா, ஒவ்வொரு பூவும் மாட்டு வண்டிச் சக்கரம்!"

குடைக்காரர் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். "அடி ஓரத்தை மடிச்சு, மயிரிழைத் தையல் போட்டிருக்கு. ஜன்னல் அகலத்தைப் போல ரெண்டு மடங்கு துணி, கொசுவம் விழறதுக்கு. ஐயா, நீங்க திரை ஒட்டினா பூ எந்தப் பக்கம் இருக்கும்?"

"வெளிப்பக்கம். பார்க்கிறவன் வெளியேதானே நிக்கிறான்."

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"மகள்கிட்ட. சட்டைப் பொத்தானைக்கூடப் பசை போட்டு ஒட்டுற ஆளுங்க அது. மருமகனும் அதே சாவியைத்தான் எடுத்துக்குவார். அப்புறம் செவ்வாய்க்கிழமை எஞ்சின் ஓட்ட வர்ற கூட்டாளிகிட்ட. அவனும் வீட்டுல ரயில் வச்சிருக்கான். இன்னொண்ணு கீழே குடியிருக்கிற தையற்காரம்மாகிட்ட, குழாய் கிழாய் உடைஞ்சா திறக்க."

"மருமகன்தான் அத்தான்!" என்றார் பல்செட்டுக்காரர். "மாமனாரை மறதிக்காரர்னு ஆக்கிட்டு ரூமை வளைக்கப் பார்க்கிறான்!"

"அவசரப்படாதே மாப்ளே. பல்லைப் பிடுங்கற மாதிரி எல்லாத்தையும் பிடுங்க முடியாது."

ஞாயிறு காலை மேல் அறையில் எல்லோரும் ரயிலைச் சுற்றி நின்றார்கள். மகள் பத்து அட்டைப்பெட்டிகளோடு, மருமகன் அளவு நாடாவோடு, கூட்டாளி எண்ணெய்க் கறை படிந்த கையோடு, தையற்காரம்மா கதவோரமாக. இத்தனை பேர் அந்த அறைக்குள் வந்ததே அன்றுதான்.

"முதல்ல உங்க அப்பா" என்றார் குடைக்காரர். "மனுஷன் செஞ்சதை மறக்கலாம்மா, செய்யற விதத்தைக் கை மறக்காது. இவர் மறதியில வச்சிருந்தாலும் காகிதத்துலதான் வச்சிருப்பார், பூவை வெளியேதான் காட்டியிருப்பார். ரயில் கட்டுற கூட்டாளிக்கும் அதே பழக்கம். உங்க வீட்டுக்காரர் நாடா பிடிக்கிறவர், ஜன்னல் அளவுக்குச் சரியா வெட்டியிருப்பார், ரெண்டு மடங்கு எடுக்க மாட்டார். உங்களுக்குத் தையல் வராதுன்னு பொத்தானே சொல்லுது. பூ உள்ளே இருக்கணும், கொசுவம் விழணும், ஓரம் மடியணும்னு நினைச்சது நிஜ ஜன்னலுக்குத் திரை தைக்கிற கை."

யாரும் கதவோரம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"தபாலை மேல வைக்கத்தான் வந்தேன்" என்றார் தையற்காரம்மா. "தெரு பூரா அழகழகாத் திரை. கறிக்கடை மாடிக்குக்கூட. என் ஜன்னலுக்கு மட்டும் கருப்பு. ஆறு வருஷமா அங்கதானே சார் இருக்கேன்? ஆளில்லாத வீடு மாதிரி இருந்துச்சு. மனசு கேக்கலை. கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும், தப்புதான்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு அட்டைப்பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். "அந்த மறதி விஷயம்... நான் சொன்னதை மறந்துடுங்கப்பா."

"அதை மட்டும் மறக்க மாட்டேன்" என்றார் சிக்னல்காரர்.

எல்லோரும் போன பிறகு அறை பழையபடி அமைதியானது. ரயில் இரண்டு சுற்று ஓடி நின்றது. சிக்னல்காரர் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, பதினெட்டுப் படி இறங்கிக் கீழ்க் கதவைத் தட்டினார்.

உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டார். ஜன்னல் முழுக்கச் சிவப்புப் பூ.

"தெருவுல இருந்து பார்த்து, வெறும் வெள்ளைத் திரைன்னே நினைச்சேம்மா."

"தெருவுக்கு எதுக்கு சார் பூ? உள்ளே உக்காந்திருக்கிறது நான்தானே."

அவர் தலையாட்டிவிட்டு அறையை அளக்க ஆரம்பித்தார். தையல் மெஷின், ஜன்னலோரம். மேசை, சுவரோரம். இரும்புப் பெட்டி, கதவுக்குப் பின்னால்.

"நாற்காலி ஒண்ணுதானா?"

"ஆமா, இதுவரைக்கும் ஒண்ணுதான்."

பார்த்ததை மட்டுமே கட்டுகிற சிக்னல்காரர், தாளில் இரண்டு என்று எழுதிக்கொண்டார்.